வலிக்காத நேரத்தில் ஒரு ஹால்ட்

“எனக்கு இந்த வலி போகணும். எத்தனை நாள்ல போவும்? சொல்லு.”

சுபேதார் முனிரத்தினம் இப்படித்தான் கேட்டார். கேள்வி மாதிரி இல்லை, ஆர்டர் மாதிரி இருந்தது.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.

“தெரியாது சாப்” என்றான்.

சுபேதாருக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷ முதுகுவலியோடு, குலுங்கும் டவுன் பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்திருக்கிறார். வேடமலை அடிவாரத்தில் ஒரு குரு இருக்கிறார் என்றார்கள். மருந்தில்லாமல் வலியைச் சமாளிக்கக் கற்றுத் தருவார் என்றார்கள். வந்து பார்த்தால் ஒரு சிப்பாய்!

லாசர் என்று பெயர். வயது ஐம்பது. சுபேதாரைவிடப் பதினோரு வயது இளையவன். பனிமலைப் பாதைகளில் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளைப் பதினேழு வருஷம் ஓட்டியவன். பட்டாளத்தில் அவற்றுக்குக் கச்சர் என்று பெயர். ஒருநாள் ஒரு கச்சர் சறுக்கி அவன்மேல் விழுந்ததில் இடுப்பு நொறுங்கிவிட்டது. அந்த இடுப்போடுதான் இப்போது தினமும் மலை ஏறி இறங்குகிறான். சுற்றுவட்டார மாஜி ராணுவத்தார் வலியைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வருவதற்கு அதுதான் காரணம்.

“எண்ணெய் ஏதாவது தருவியா?”

“இல்ல சாப்.”

“பச்சிலை?”

“இல்ல சாப்.”

“மந்திரம்?”

“நான் சர்ச்சுக்குப் போறவன் சாப்.”

“அப்ப இன்னாதான்யா தருவ?”

லாசர் சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்துக் காட்டினான்.

சுபேதார் அப்படியே திரும்பிப் போயிருப்பார். போக முடியவில்லை. மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். “எலும்பெல்லாம் ஆறிடுச்சு. வலி மட்டும் தங்கிடுச்சு. நடந்தா ஒண்ணும் உடையாது” என்றும் சொன்னார்.

உடையாது என்றால் போதுமா? வலிக்கிறதே!

“வலி போனா இன்னா செய்வீங்க சாப்?” என்று லாசர் கேட்டான்.

“இது ஒரு கேள்வியா?”

லாசர் காத்திருந்தான். மனிதனுக்கு அவசரமே கிடையாது.

சுபேதார் அண்ணாந்து மலையைப் பார்த்தார்.

“அதுல ஏறணும். என் சம்சாரத்தோட.”

“ஓ.”

“கல்யாணமான புதுசுல பனிமலையிலேர்ந்து ஒரு போட்டோ அனுப்பினேன். ‘இப்படி ஒரு மலை உச்சியில உங்க பக்கத்துல நிக்கணும்’னு பதில் எழுதினா. ரிட்டையர் ஆனதும் கூட்டிக்கினு போறேன்னு நானும் எழுதினேன். ரிட்டையர் ஆக மூணு மாசம் இருக்கும்போது நான் போன லாரி கவுந்துச்சு.”

“அக்கா இப்ப கேக்குறாங்களா?”

“கேக்கறதே இல்ல. அதான்யா தாங்கல. தங்கச்சி கூப்பிட்டா, தெருவுல எல்லாரும் கூப்பிட்டாங்க. ‘போனா அவரோட போவேன், இல்லன்னா வேணாம்’னுட்டா. முப்பத்தஞ்சு வருஷமா எந்த மலையிலயும் கால் வைக்கல. இப்ப அவளுக்கும் முட்டி தேய ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்ல முடியாது.”

“எப்ப ஏறணும்?”

“தை பதினெட்டு. எங்க கல்யாண நாள்.”

அப்போது ஆடி மாதம். லாசர் விரல் விட்டு மாதங்களை எண்ணினான். முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது.

“ஆயிரத்து நூத்தி நாப்பது படி சாப்! நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க!”

*

“கெட்ட நாள்ல எவ்ளோ நேரம் நடப்பீங்க?”

“நல்ல நாள்ல ஒரு மணி நேரம் கூட...”

“கெட்ட நாள்ல.”

சுபேதார் குரலைத் தாழ்த்தினார். “எட்டு நிமிஷம்.”

“அப்ப ஆறு நிமிஷம் நடங்க.”

நடந்தார்கள். காலைக் காற்று ஜிலுஜிலுவென்று இருந்தது. சுபேதாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையை வீசி நடந்தார்.

விசில் ஊதியது. லாசர் ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

“உக்காருங்க சாப்.”

“எனக்கு வலிக்கலையே!”

“உக்காருங்க.”

“வலிக்காதப்ப எதுக்குய்யா உக்காரணும்?”

லாசர் இரண்டு நிமிஷம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி விசில் ஊதினான். நடந்தார்கள். இப்படி மூன்று சுற்று.

“அவ்ளோதான் சாப். வீட்டுக்குப் போங்க.”

வீட்டில் பச்சையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். ஓடி வராத குறை.

“இன்னாங்க சொன்னாரு சாமியாரு?”

“சாமியாரும் இல்ல ஒண்ணும் இல்ல. கழுதை ஓட்டினவன். ஊதுறான், உக்காருன்றான்.”

“உக்காந்தீங்களா?”

“ம்.”

“அடேயப்பா! நான் சொல்லி ஒரு நாளாவது உக்காந்திருப்பீங்களா?”

*

ஆறு நிமிஷம் ஏழானது. மூன்று சுற்று ஐந்தானது. நடை தரையிலிருந்து மலைப்படிக்கு ஏறியது. டாக்டர் சொன்ன கணக்கில் மாத்திரை குறைந்துகொண்டே வந்து, ஆவணியில் நின்றும் போனது.

அந்த ஆவணியில் ஒருநாள் சுபேதார் கண் விழித்தார். எங்கேயோ என்னமோ குறைந்தது. என்ன என்று யோசித்தார்.

வலி இல்லை!

குனிந்து பார்த்தார். திரும்பிப் பார்த்தார். இல்லை! இல்லவே இல்லை!

அன்று படியில் கால் வைத்தவருக்குத் தரையே தெரியவில்லை. எண்பதாவது படியில் விசில் ஊதியது. அவர் நிற்கவில்லை. இன்னொரு தரம் ஊதியது. காதில் விழுந்தும் ஏறினார். எதிரி முகாமைப் பிடிக்கப் போகும் வேகம். நூறு, இருநூறு, முந்நூறு! நானூறாவது படியில் நின்று இரண்டு கையையும் தூக்கி, கீழே இருந்த லாசரைப் பார்த்துக் கத்தினார்.

“பார்த்தியாய்யா!”

கீழே இறங்கி வந்தார். முகமெல்லாம் பல்.

“வலியே இல்ல!”

“சந்தோஷம் சாப்.”

“இன்னும் அஞ்சு மாசம் எதுக்கு? அடுத்த வாரமே உச்சிக்குப் போறேன் பாரு!”

லாசர் விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.

மறுநாள் காலையில் சுபேதாரால் புரண்டு படுக்க முடியவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். கக்கூஸுக்குப் போகக்கூட பச்சையம்மாளின் தோள் வேண்டியிருந்தது.

“ஒரே ஒரு மாத்திரை குடுடி.”

“ஒளிச்சு வெச்சுட்டேன்.”

“எங்க?”

“சொன்னா அது ஒளிச்சு வெச்சதா?”

அவர் கத்தினார். பட்டாளத்தில் கற்ற இந்தி வசவு எல்லாம் வந்தது. அவள் அசையவில்லை. கத்தி முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணு சொல்லவா? நீங்க வலிக்குதுன்னு சொல்ற நாள்ல எனக்குப் பயம் இல்லீங்க. நல்லா இருக்குதுன்னு எழுந்திரிக்கிற நாள்லதான் பயம். அன்னிக்கு ஓடு மாத்துவீங்க, அரிசி மூட்டை தூக்குவீங்க, தண்ணித் தொட்டி கழுவுவீங்க. அப்புறம் ஒரு வாரம் படுப்பீங்க. ஒன்பது வருஷமா நான் இதைத்தான் பார்த்துக்கினு இருக்கேன்.”

சுபேதார் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது.

*

ஆறாம் நாள் லாசர் வந்தான். படுத்திருந்தவருக்கு சல்யூட் அடித்தான்.

“கிண்டலா?” என்றார் சுபேதார்.

லாசர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“புதுசா பட்டாளத்துல சேர்ந்தப்ப எனக்கு ஒரு கச்சர் குடுத்தாங்க சாப். ராணின்னு பேரு. வெவரம் தெரியாம ஓட்டினேன். அது நடக்கிற வரைக்கும் விடறதில்ல. எப்ப படுக்குதோ அப்பதான் சுமைய இறக்குவேன். முதல் நாள் பத்து மைல்ல படுத்துச்சு. அடுத்த வாரம் ஆறு மைல்ல படுத்துச்சு. ஒரு மாசம் போனதும், முதுகுல சுமைய வெச்ச உடனே படுத்துச்சு.”

“வயசான கச்சரா?”

“நாலு வயசு.”

“சீக்கா?”

“டாக்டர் பார்த்தாரு. உடம்புல ஒண்ணும் இல்லன்னுட்டாரு.”

“அப்புறம்?”

“எங்க ஹவில்தார் என் கையில ஒரு கடிகாரத்தைக் குடுத்தாரு. அது ஜம்முனு நடந்துக்கினு இருக்கும்போதே நிறுத்துன்னாரு. நிறுத்தி, சுமைய இறக்குன்னாரு.”

சுபேதாரின் கண்கள் சுருங்கின.

“டேய். என்னைக் கழுதைன்றியா?”

“கச்சர் சாப். கழுதை வேற.”

அடுக்களையில் பச்சையம்மாள் குபீரென்று சிரித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும் என்று சுபேதார் உதட்டைக் கடித்துப் பார்த்தார். அடக்க முடியவில்லை. சிரித்தார். வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார்.

“அந்த ராணி இன்னா ஆச்சு?”

“பன்னெண்டு வருஷம் வேலை செஞ்சுது சாப். என்மேல விழுந்தது வேற ஒண்ணு.”

பிறகு லாசர் எழுந்தான்.

“வாசல் வரைக்கும் நடக்க முடியுமா?”

சுபேதார் யோசித்தார். “கஷ்டப்பட்டா முடியும்.”

“அப்ப பாதி வாசல்.”

“வலிக்குதுய்யா.”

“தெரியும் சாப். பாதி வாசல்தான்.”

விசில் ஊதியது. சுபேதார் முனிரத்தினம் கட்டிலைப் பிடித்து எழுந்தார். கூடத்தின் நடுவரை நடந்தார். நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். வேர்த்து ஊற்றியது.

“நாளைக்கு நான் எத்தனை மணிக்கு நடக்கணும்? சொல்லுங்க” என்றார்.

சொல்லுங்க! ஒரு சுபேதார் ஒரு சிப்பாயிடம்! பச்சையம்மாள் கரண்டியோடு அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டாள். சுபேதாரே மாறிவிட்ட பிறகு எனக்கு என்ன வந்தது? இனி நானும் லாசரை அவர் என்றே எழுதுகிறேன்.

*

மறுபடியும் ஆறு நிமிஷத்திலிருந்து தொடங்கினார்கள்.

நல்ல நாட்களில் சுபேதார் கெஞ்சுவார். “இன்னும் ரெண்டே நிமிஷம்.”

விசில் ஊதும். உட்காருவார்.

கெட்ட நாட்களில் முனகுவார். “இன்னிக்கு வேணாமே.”

விசில் ஊதும். எழுந்து நடப்பார்.

மழை நாளோ, வலி நாளோ, துள்ளிக் குதிக்கத் தோன்றும் நாளோ, எல்லாம் அந்த விசிலுக்கு ஒன்றுதான். ஆறு ஏழானது. ஏழு எட்டானது. கார்த்திகையில் எட்டு சுற்று நடந்தார். இடையில் ஒரே ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. வலி மட்டும் போகவில்லை. தினமும் வந்தது.

“எல்லாம் செய்யறேன். கேட்டதுக்கு மட்டும் நீங்க பதில் சொல்லல” என்றார் ஒருநாள்.

“இன்னா கேட்டீங்க சாப்?”

“வலிக்காதப்ப எதுக்கு உக்காரணும்?”

லாசர் யோசிப்பது போல் தாடையைத் தடவினார். பிறகு பையிலிருந்து விசிலை எடுத்தார். அடிவாரத்துக் கிணற்றடிக்குப் போனார். விசிலை உள்ளே போட்டார்.

க்ளுக்.

“ஐயோ! இனிமே யாரு ஊதுறது?”

லாசர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி சுபேதாரின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

“தை பதினெட்டு அன்னிக்கு நீங்க வரணும்” என்று பின்னாலிருந்து கத்தினார் சுபேதார்.

“உங்க கல்யாண நாளு சாப். நடுவுல நான் எதுக்கு?”

*

தை பதினெட்டு!

பச்சையம்மாள் விடியும் முன்பே தயார். அரக்குப் பட்டுப்புடவை. அதற்குக் கீழே புத்தம்புது வெள்ளை கேன்வாஸ் ஷூ. கட்டுச்சோறு, தண்ணீர் பாட்டில், தலை நிறைய கனகாம்பரம்.

“எப்படிங்க இருக்கேன்?”

“கமாண்டோ மாதிரி இருக்க.”

ஆறு மணிக்கு முதல் படியில் கால் வைத்தார்கள். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினார். பத்து நிமிஷம் ஏறினார்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார்கள். மறுபடி பத்து, மறுபடி ஐந்து.

கல்லூரிப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி தாண்டிப் போனாள். எண்பது வயதுக் கிழவர் ஒருவர், “உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்துவிட்டுத் தாண்டிப் போனார்.

“உனக்கு வெக்கமா இருக்குதா?” என்று கேட்டார் சுபேதார்.

“முப்பத்தஞ்சு வருஷம் காத்துக்கினு இருந்தவ, அஞ்சு நிமிஷம் காத்திருக்க மாட்டேனா?”

ஐந்நூறு! எழுநூறு! ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. அவர்கள் வீட்டு ஓட்டின்மேல் காயப்போட்ட சிவப்புப் போர்வைகூடத் தெரிந்தது. பச்சையம்மாள் அதைக் காட்டிக் காட்டி ஆனந்தப்பட்டாள்.

எண்ணூறில் முதுகில் அந்தப் பழைய சூடு கிளம்பியது. சுபேதாருக்குத் தெரிந்தது. ஏறினார். கடிகாரம் சொன்னபோது உட்கார்ந்தார். கடிகாரம் சொன்னபோது எழுந்தார். தொள்ளாயிரத்தில் சூடு இடது காலுக்கு இறங்கியது. ஏறினார்.

“ஆயிரம்!” என்று கத்தினாள் பச்சையம்மாள். முன்னால் போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூற்றுப் பத்து. மேலே கோயில் மணிச் சத்தம். காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. படிகள் முடியும் இடத்தில் வானம் மட்டும் நீலமாக நின்றது. அவள் எண்ணுவதை விட்டுவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

“அதோ! அதோங்க! இன்னும் பன்னெண்டே படி!”

சுபேதார் கடிகாரத்தைப் பார்த்தார்.

உட்கார்ந்தார்.

“இன்னாங்க?”

அவர் பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டினார்.

மேலிருந்து இறங்கி வந்த ஒருவர் பதறிப்போனார். “அய்யா, வந்துட்டீங்க அய்யா! நாலு எட்டுதான்! விட்டுடாதீங்க, எழுந்திரிங்க!”

சுபேதார் எழவில்லை.

பச்சையம்மாளின் முகம் வாடிவிட்டது. மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முதுகில் கை வைத்தாள்.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

அவள் உச்சியை ஒருமுறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இறங்கிடலாங்க. இவ்ளோ தூரம் வந்ததே எனக்குப் போதும். வலிக்க வலிக்க எதுக்கு?”

சுபேதார் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பார்! எத்தனை தடவை படுத்திருப்பார்! ஒவ்வொரு தடவையும் யார் சொல்லி? வலி சொல்லி!

அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து பொங்கி வந்தது. படியில் இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கும்படி சிரித்தார்.

“பயமா இருக்குதுங்க. இன்னா ஆச்சு? வலி தாங்காமத்தான உக்காந்தீங்க?”

“இல்லடி” என்றார் சுபேதார். “மணி ஆச்சு.”